சுவர் நோக்கிப் பதினான்கு நிமிடங்கள்

மார்கழி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். காஞ்சிபுரத்தின் மேல் பனி இறங்கி அசையாமல் நின்றது; காற்று இல்லை; கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தும் அந்த வெளுப்பு கூடத்தின் ஜன்னல்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தமயந்தி சுவரைப் பார்த்து மண்டியிட்டு, குதிகால்களின் மேல் அமர்ந்து, கைகளைத் தொடைகளின் மேல் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் எட்டடி தள்ளி, நீல விரிப்பின் மேல், பூங்கோதை விழுந்து கிடந்தாள். வீழ்த்தியது தமயந்தியின் வலது கால். பயிற்சிச் சண்டையில் ஒருவர் விழுந்துவிட்டால் வீழ்த்தியவர் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து அமர்ந்துவிட வேண்டும் என்பது இந்தக் கராத்தே வகுப்பின் வழக்கம். விழுந்தவர் எழுந்து வணங்கியபின் மாஸ்டர் இரண்டு முறை கைதட்டுவார். அதுவரை திரும்பக் கூடாது, பேசக் கூடாது. ஏழு ஆண்டுகளில் அவள் பலமுறை இப்படி அமர்ந்திருக்கிறாள். ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. இடுப்புப் பட்டையின் முடிச்சு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்து, இரு நுனிகளும் சமமாகத் தொங்குகின்றனவா என்று குனிந்து பார்த்தாள். சமமாகத்தான் தொங்கின.

சுவருக்கு வெளிர்பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். அது ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மாதம் முழுக்க வகுப்புக்குக் கிடைத்துவிட்டது. கை கழுவப் போகும் வழியில் ஆட்கள் விரல்களைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போன தடங்கள் அவள் கண்மட்டத்தில் இருந்தன, மஞ்சளாக, சில சிவப்பாக, ஒரு குழந்தையின் உள்ளங்கை முழுதாக. தடங்களுக்கு மேலே மண்டபத்தின் கடிகாரம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாஸ்டர் ஜெகதீசன் கொண்டுவந்து மாட்டிய போதிதர்மர் படம்: தாடி, தோடு, இமைகளே இல்லாத பெரிய கண்கள். ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்து அமர்ந்தவர். ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டதற்காக இமைகளை அறுத்து எறிந்தார் என்றும், விழுந்த இடத்தில் தேயிலை முளைத்தது என்றும் மாஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்வார். நம்ம ஊர்க்காரர், நம்ம ஊர் இளவரசர், இங்கேயிருந்துதான் சீனாவுக்குப் போனது, அங்கேயிருந்து ஒக்கினாவா, அங்கேயிருந்து ஜப்பான், இப்ப திரும்பி நம்ம மண்டபத்துக்கே வந்திருக்கு. தமயந்தி பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவள் என்பதால் சென்ற ஆண்டு விழாவில் அவளையே பேசச் சொன்னார். பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசனின் மகன் என்கிறது, இரண்டிலும் அவர் யாருக்கும் சண்டை கற்றுக்கொடுத்ததாக இல்லை. உடற்பயிற்சிகளை அவர் பெயரில் சொல்லும் நூல் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. ஆனால் அவர் தங்கியதாகச் சொல்லும் சீன மடத்தில் போர்புரிந்த துறவிகள் இருந்ததற்குக் கல்வெட்டே உண்டு என்று அவள் நாற்பது நிமிடம் பேசினாள். முடிந்ததும் மாஸ்டர் சால்வையைப் போர்த்திவிட்டு, தம்மைவிடப் பதின்மூன்று வயது மூத்தவளிடம் பேசும் பணிவோடு, “எல்லாம் அருமை மேடம், அந்த ‘ஆதாரமில்லை’ங்கிறத மட்டும் விட்டுட்டிருக்கலாம்” என்றார். அன்று அவள் விட்டுவிடவில்லை. ஆதாரமில்லாததை ஆதாரமில்லை என்று சொல்வதற்கு எப்போதும் வாய் வந்திருக்கிறது அவளுக்கு.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கால மேல தூக்கிப் பிடிங்க” என்றார் பின்னால் மாஸ்டர். “யக்கா, கோதக்கா, இங்க பாரு, என்னையப் பாரு” என்றது உடன் பயிலும் லூர்துமேரியின் குரல். பிறகு பூங்கோதை பேசினாள். தெளிவாக, சற்று மூச்சிரைப்போடு, அவளுடைய வழக்கமான குரலிலேயே பேசினாள்: “மேடம் கிளாஸ்ல தூங்குனா சாக்பீஸ்தான் வரும்னு பாத்தேன், காலே வருதே.” எல்லாரும் சிரித்தார்கள். தமயந்தியும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்துத் தசைகள் அசைந்ததை உணர்ந்தாள், அவ்வளவே. பேசுகிறாள். பேசுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள். ஆறு பதினான்கு. இன்னும் சற்று நேரத்தில் எழுந்து வணங்குவாள், இரண்டு கைத்தட்டல் கேட்கும், திரும்பலாம். ஆனால் பூங்கோதை தினமும் மாலை ஆறு மணிக்கு, நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை முடிந்து வீடு வந்ததும், இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை ஒன்றை விழுங்குகிறாள். வெங்காயம் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் அரைமணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தலையில் அடிபடக் கூடாது. அது இந்தக் கூடத்தில் இருக்கும் ஏழு பேரில் இருவருக்குத்தான் தெரியும். ஒருத்தி கிடக்கிறாள், ஒருத்தி சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று தமயந்தி நினைத்தாள். எட்டடி தள்ளி ஒரு வாக்கியம். மாஸ்டர், அவளுக்கு. அந்த இரண்டு சொற்களையும் நாவில் வைத்துப் பார்த்தாள். அவை அங்கேயே இருந்தன, காலையில் வாயில் போட்டு மெல்ல மறந்த பாக்கைப் போல.

இதே போன்ற ஓர் அமைதியில்தான் அது அவளுக்குத் தெரிய வந்தது. வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் வரிசையாக மண்டியிட்டு ஐந்து நிமிடம் கண்மூடி அமர்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், புதிதாகச் சேர்ந்து தன் வலப்பக்கத்தில் அமர்ந்தவளிடமிருந்து ஒரு கடிகாரச் சத்தம் வருவதைத் தமயந்தி கேட்டாள். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வரக் கூடாது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கை கழுவும் இடத்தில், “வாட்சைக் கழட்டி வைச்சுடும்மா, யார் முகத்துலயாவது பட்டுடும்” என்றாள். பூங்கோதை இரண்டு மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே தமயந்தியின் கையைப் பிடித்துத் தன் சட்டையின் கழுத்துக்குக் கீழே வைத்தாள். “உள்ள இருக்கு மேடம். கழட்ட முடியாது.” சிறுவயதில் வந்த காய்ச்சல் இதயத்தைப் பழுதாக்கியிருந்தது, எட்டு ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு ஒன்றை வைத்திருந்தார்கள். ஊரடங்கின் அமைதியில் அடுத்த வீட்டுக்காரம்மா என்ன சத்தம் என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். கணவர் கருணாகரனிடம் யோகா வகுப்பு என்று சொல்லியிருந்தாள். வெள்ளை உடைதானே, வஜ்ராசனந்தானே, பொய்யே இல்லை மேடம், பாதிதான் சொல்லல. அவர் ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஏழு மணிக்கு அழைத்துப்போக வருவார். பிரவுன் பெல்ட் டிபன் பாத்திரத்துக்கு அடியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எதற்கு இது, இவ்வளவு ஆபத்தோடு, என்று தமயந்தி கேட்டபோது, “எட்டு வருஷமா எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ரெண்டு கையாலயும் எடுத்து வைக்கிறாங்க மேடம். ஒரு எடத்துலயாவது அடிக்க வரட்டுமே” என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தமயந்தி வாக்குக் கொடுத்தாள். அதன்பின் பயிற்சிச் சண்டையில் பூங்கோதைக்கு எதிரே எப்போதும் தமயந்திதான் நின்றாள். வேறு யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டாள். தோளுக்கு மேல் எதுவும் வராது என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். மேலே வரும் உதையைத் தமயந்தி பாதியிலேயே இறக்கிவிடுவாள். அவளுக்கு வயதாகிறது, கால் எழும்பவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

இன்று கால் எழும்பியது. அதைத்தான் அவளால் சுற்றிச் சுற்றி வந்தும் உள்ளே நுழைந்து பார்க்க முடியவில்லை. பூங்கோதை முன்கையை இறக்கினாள். இடது பக்கம் ஒரு வெளி திறந்தது. அது திறந்தது என்று தமயந்தி எண்ணவில்லை. எண்ணியதாக நினைவில்லை. இடுப்பு திரும்பியது, முழங்கால் உயர்ந்தது, பாதம் ஒரு வளைவில் போயிற்று, எவ்வளவு இலேசாக, ஏழு ஆண்டுகளாக மாஸ்டர் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒருநாளும் வராத அந்த உதை, கதவு தானே திறந்துகொள்வதைப் போல வந்தது. உதைப்பவர் இல்லாமல் உதை நிகழ வேண்டும் என்பார் மாஸ்டர். மனம் எங்கும் நிற்கக் கூடாது. எதிரியின் கையில் நின்றால் கையிலேயே மாட்டிக்கொள்ளும், தன் காலில் நின்றால் காலிலேயே. ஜப்பானில் துறவிகள் வாள்வீரர்களுக்குச் சொல்லித்தந்தது அது. கொல்லாமையை முதல் நெறியாக வைத்த ஒரு சமயம் முஷ்டிக்குப் பக்கத்தில் எப்படி வந்து அமர்ந்தது என்று அவளே அந்த விழாவில் கேள்வி எழுப்பி, அவளே விடையும் சொன்னாள்: நிறுத்துவதற்காக வந்தது, அடி உடலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட வேண்டும், அந்த விரற்கடைதான் பௌத்தம் தற்காப்புக் கலைகளுக்குக் கொடுத்தது. கைதட்டினார்கள். பூங்கோதை விசிலே அடித்தாள். ஆனால் வெறுமையான மனத்தோடு வெட்டியவர்களும் இருந்தார்கள், வெட்டிய பின் வாளைத் துடைத்து உறையில் இட்டுவிட்டு அமைதியாகத் தேநீர் அருந்தினார்கள் என்பதையும் அவள் படித்திருந்தாள். நேரம் போதாததால் அதைச் சொல்லவில்லை. உதைப்பவர் இல்லாமல் உதை நிகழ்ந்தால் நிறுத்துபவர் யார். அந்த விரற்கடையில் நின்று கையைக் காட்டிப் போதும் என்று சொல்ல வேண்டியவள் எங்கே போயிருந்தாள். அவள் பாதத்தின் மேற்புறத்தில், விரல்களுக்குச் சற்று மேலே, பட்ட இடம் இன்னும் இருந்தது. முடியின் வழவழப்பும் அதற்கு அடியில் எலும்பும். வேறு எங்கும் எதுவும் தெரியாதபோது அங்கே மட்டும் ஒரு காசளவுக்குச் சூடு.

“இது எத்தனை விரல்?” “ரெண்டு.” “பேரு சொல்லுங்க.” “பூங்கோதை கருணாகரன், கோர்ட்டுல டைப்பிஸ்ட். இன்னும் என்ன வேணும் மாஸ்டர், ஆதார் நம்பரா?” மறுபடியும் சிரிப்பு. லூர்துமேரி மண்டபத்துச் சமையலறையின் குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடும் சத்தம். ஐஸ் கட்டிகள் எவர்சில்வர் தட்டில் விழுந்தன. “இந்தா, வச்சுக்க. வீங்கினா உங்க வீட்டுக்காரர் யோகாவுல என்ன ஆசனம்னு கேப்பாரு.” “தலைகீழ் ஆசனம்னு சொல்லு.” ஆறு பதினேழு. தமயந்தியின் கால்விரல்கள் மரத்துவிட்டன. முதலில் எறும்பு ஊர்வதுபோல் ஒன்று வரும், பிறகு அதுவும் போய்விடும்; விரல், பாதம், கணுக்கால் என்று ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு யாரோ மேலே ஏறி வருவார்கள். அந்தக் காசளவுச் சூடும் அணைந்தது. அதற்காக அவள் வருந்தவில்லை. கோயிலின் ஒலிபெருக்கி பனிக்குள்ளிருந்து தேய்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குள் துணி ஊறவைக்க வேண்டும். நாளை இரண்டாமாண்டு வகுப்புக்கு உள்தேர்வு வினாத்தாள் தர வேண்டும். கீரை வாங்கக் கூடாது, இல்லை, கீரை கூடாது என்பது பூங்கோதைக்கு, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, தனக்கு இல்லை. இந்த ஒரு எண்ணத்தில் கால் இடறியதுபோல் அவள் மனம் நின்றது. பிறகு சுவரில் இருந்த குழந்தையின் உள்ளங்கையை விரல் விரலாக எண்ணத் தொடங்கியது.

ஏன் சொல்லவில்லை என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் விடைகள் தாமாக வந்து வரிசையில் நின்றன, வருகைப் பதிவேட்டில் பெயர் அழைக்கப்படாமலே எழுந்து நிற்கும் மாணவிகளைப் போல. வாக்குக் கொடுத்திருக்கிறேன். பேசக் கூடாது என்பது வழக்கம். விழுந்தவள் நம் கண்முன் அவமானப்படாதிருக்கவும், வீழ்த்தியவள் தான் செய்ததைப் பார்த்துப் பெருமையோ பரிதாபமோ கொள்ளாதிருக்கவுமே இந்த முதுகு. அடுத்த ஞாயிறு பிளாக் பெல்ட் தேர்வு, சென்னையிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள், இப்போது வாயைத் திறந்தால் பூங்கோதையை அவர்கள் வாசல்படிக்குள் விடமாட்டார்கள், இரண்டாண்டு உழைப்பு. அவளே நன்றாகத்தான் பேசுகிறாள், அவள் உடல் அவளுக்குத் தெரியாதா. எல்லாமே சரியான விடைகள். ஒவ்வொன்றுக்கும் அவள் மதிப்பெண் போடுவாள். வரிசையின் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு, இன்னொன்று நின்றது. அதை அவள் பார்க்காமல் இருந்தாள். சொன்னால், எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்தும் எதிரே நின்றாயா என்பார்கள். தெரிந்தும் தலைக்கு உயர்த்தினாயா என்பார்கள். அந்த உதை அழகாக இருந்தது. விழுவதற்கு முந்தைய கணத்தில், ஒரே ஒரு கணம், அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து நின்று, வந்துவிட்டது என்றது. ஆகவே யாரும் இல்லாமல் அது நிகழவில்லை. ஒருத்தி இருந்திருக்கிறாள்.

“கொஞ்சம் படுத்துக்கறேன் மாஸ்டர். தல வலிக்குது.” “படுங்க, படுங்க, அவசரமே இல்ல.” மற்ற மூன்று பெண்களை மாஸ்டர் கூடத்தின் மறுகோடியில் பயிற்சி செய்யச் சொன்னார், பாதங்கள் தரையில் தேயும் ஓசையும் ஜப்பானிய மொழியில் ஒரே சீராக எண்ணும் குரல்களும் தொடங்கின. இச்சி, நீ, சான். எல்லாம் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டன, சுவர் பார்த்து அமர்ந்தவளைத் தவிர. மாஸ்டர் மறக்கவில்லை, விழுந்தவள் எழுந்து வணங்கவில்லை, ஆகவே தட்டவில்லை. ஆறு இருபது. தமயந்தி கண்களை மூடினாள். எண்ணும் குரல்களுக்கு அடியில், ஐஸ் உருகித் தட்டில் சொட்டுவதற்கும் அடியில், வால்வின் அந்த ‘டிக்’ சத்தத்தைத் தேடினாள். இரண்டாண்டு அதன் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். சொந்த மூச்சை எண்ணுவதற்குப் பதில் பல நாள் அதையே எண்ணியிருக்கிறாள். கிடைத்தது. கிடைத்ததா, மண்டபத்துக் கடிகாரமா. கடிகாரம் ஒருமுறை தட்டும் நேரத்தில் வால்வு ஒன்றேகால் முறை தட்டும், அது சற்று முந்தும், பிறகு இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்து விழும், மறுபடி பிரியும். இப்போது ஒன்றுதான் கேட்டது. எது என்று தெரியவில்லை. எட்டடி அதிகம். முழங்கால்களும் போய்விட்டன, அவளுடைய உடல் தொடையில் தொடங்கித் தலையில் முடிந்தது, சுவரோடு ஒட்டவைத்த ஒரு மார்பளவுச் சிலைபோல. ஒன்பது ஆண்டுகள் இப்படி அமர்ந்தவரின் கால்களே உதிர்ந்து போயின என்று ஜப்பானில் ஒரு கதை. அங்கே அவரைக் கை கால் இல்லாத உருண்டைப் பொம்மையாகச் செய்து விற்கிறார்கள், தள்ளிவிட்டால் எழுந்து நின்றுவிடும் பொம்மை. இதையும் அவள் விழாவில் சொல்லியிருந்தாள். அமைதி இப்படித்தான் இருக்குமா. எதுவும் சுடுவதில்லை, எதுவும் குளிர்வதில்லை, பின்னால் ஒருத்தி படுத்திருப்பது வெகுதொலைவில் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதாக இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகத் தேடியது இதைத்தானா. இது வந்துவிட்டதென்றால் ஏன் நாக்கு மட்டும் இவ்வளவு உலர்ந்திருக்கிறது.

“மேடம் கிளாஸ்ல தூங்குனா சாக்பீஸ்தான் வரும்னு பாத்தேன்” என்றாள் பூங்கோதை பின்னால், “காலே வருதே.” லூர்துமேரி சிரித்தாள், முன்னைவிடக் குறைவாக. “சொன்னியே யக்கா.” “எப்ப?” “இப்பத்தான் சொன்ன.” ஆறு இருபத்திரண்டு. அதே சொற்கள், அதே இடத்தில் மூச்சு, ‘காலே’ என்பதில் அதே இழுப்பு. தமயந்தி குழந்தையின் உள்ளங்கையைப் பார்த்தாள். ஐந்து விரல்கள். இனித் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒருவர் அதே வேடிக்கையை அதே குரலில் மறுபடி சொல்வது என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் தன் கையைப் பிடித்து வைத்தவள் சொன்னது நினைவிருக்கிறது: உள்ள கசிஞ்சா வெளிய தெரியாது மேடம், நல்லாத்தான் பேசிட்டிருப்பேனாம், டாக்டர் சொன்னாரு. சொல், என்றது ஒன்று. இப்போது கைதட்டல் வரும், என்றது இன்னொன்று. இப்போது வரும். இந்த நொடிமுள் மேலே போய்ச் சேர்வதற்குள் வராவிட்டால் சொல்லிவிடுகிறேன். நொடிமுள் மேலே போய்ச் சேர்ந்தது. இன்னொரு சுற்று. சுற்றிவந்த முள்ளின் மேல் அவளுடைய மனம் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கும் நிற்காமல், எதிலும் மாட்டாமல், மிகத் திறமையாக. ஆறு இருபத்துநான்கு. பின்னால் ஓக்காளிக்கும் சத்தம், விரிப்பை இழுக்கும் சத்தம். “வெறும் வயித்துல வந்திருப்பாங்க. தண்ணி கொடுங்க, தண்ணி.” “மாஸ்டர், இது ஒரு மாதிரி இருக்கு மாஸ்டர்” என்றாள் லூர்துமேரி. எண்ணும் குரல்கள் நின்றன. அந்த நிசப்தத்தில் கடிகாரம் ஒன்று என்றது, அதற்குச் சற்று முன்னால், எட்டடி தள்ளி, மற்றொன்று, வேகமாக, மிக வேகமாக. பிறகு பூங்கோதை மூன்றாம் முறை தொடங்கினாள். “மேடம் கிளாஸ்ல… தூங்குனா… சாக்…” நாக்கு அந்த இடத்தைத் தேடியது. “சாக்…”

தமயந்தி எழுந்தாள், அல்லது எழுவதாக நினைத்தாள். கால்கள் இல்லாததால் பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த நிலையிலேயே கைகளை ஊன்றி உடலைத் திருப்பினாள். கூடம் மிக வெளிச்சமாக இருந்தது. “ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க” என்றாள். குரல் வகுப்பறைக் குரலாக, நிதானமாக, எல்லாச் சொற்களும் முழுதாக வந்தன. “அவளுக்கு இதயத்துல வால்வு வச்சிருக்கு. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறா. தலைக்குள்ள ரத்தம் கசியுது. சீக்கிரம்.” ஜெகதீசன் மாஸ்டர் பூங்கோதையின் தலைமாட்டிலிருந்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். முப்பத்துநான்கு வயது முகம், வியர்வையோடு. “மேடம்,” என்றார், “இன்னும் தட்டலயே.” சொன்ன பிறகே தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. தட்டுவதற்காக அரைகுறையாக உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. லூர்துமேரி கைபேசியைத் தேடி ஓடினாள். “எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?” என்றார் மாஸ்டர். தமயந்தி கைகளால் தவழ்ந்து எட்டடியைக் கடந்துகொண்டிருந்தாள். கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன. “ரெண்டு வருஷமா” என்றாள். பூங்கோதையின் கண்கள் திறந்திருந்தன. ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகியிருந்தது. கடிகாரத்தில் ஆறு இருபத்தாறு. தமயந்தி அவள் கையை எடுத்துக்கொண்டாள். கை சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஜெகதீசன் மாஸ்டர் வழக்கம்போல் ஐந்தரைக்கு மண்டபத்தைத் திறந்தார், வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, முந்தைய நாளே கழுவிய நீல விரிப்பை மறுபடி கழுவினார், பிறகு பூங்கோதையைச் சேர்த்திருந்த சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்ற கருணாகரன் “நீங்கதான் யோகா மாஸ்டரா?” என்று கேட்டபோது, ஆமென்று தலையை ஆட்டினார். லூர்துமேரி பூங்கோதையின் பையை அவள் வீட்டில் கொடுத்தாள்; கொடுக்குமுன் தெருமுனையில் நின்று, டிபன் பாத்திரத்துக்கு அடியிலிருந்த பிரவுன் பெல்ட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கருணாகரன் ஏழு மணிக்குத் தேநீர் வாங்கிவந்து, குடிக்காமல் ஜன்னல் திட்டில் வைத்தார். மண்டை ஓட்டைத் திறந்து கசிவை எடுத்திருக்கிறார்கள், இனி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் அவரிடம் சொன்னார். அடிபட்ட நேரம் ஆறு இருபத்தாறு என்று படிவத்தில் இருந்தது, அது மாஸ்டர் சொன்னது.

தமயந்தி காலைப் பேருந்தில் புறப்பட்டு எட்டரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தாள். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லவில்லை; வினாத்தாள் கைப்பையில் இருந்தது. மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போதே கருணாகரனிடம், “அது யோகா இல்லீங்க, கராத்தே” என்றாள். “உதைச்சது நான். ஆறு பன்னிரண்டுக்கு. அவ மாத்திரை சாப்பிடறது எனக்குத் தெரியும். ஆறு இருபத்தாறு வரைக்கும் நான் சொல்லல.” “எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் கருணாகரன். “கராத்தேன்னு தெரியும். பெல்ட்டைத் துவைச்சு மாடியில காயப் போடுவா, யோகாவுக்கு எதுக்குங்க பெல்ட். சந்தோஷமா இருக்காளேன்னு கேக்கல.” பிறகு, “பதினாலு நிமிஷம்” என்றார், தமக்குத்தாமே சரிபார்ப்பவர்போல. படிவத்தில் நேரத்தைத் திருத்தச் சொல்லி அவள் செவிலியரிடம் போனாள். செவிலியர் அடித்து, ஆறு பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். கருணாகரன் போய்வந்தார், பிறகு அவளுக்குக் கதவைக் காட்டினார்.

பூங்கோதை அன்று காலை எதுவும் செய்யவில்லை. தலை முழுதும் கட்டுப் போட்டு, கண் திறக்காமல், குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். இயந்திரங்களின் சத்தத்துக்கு அடியில் வால்வு தட்டிக்கொண்டிருந்தது. தமயந்தி வெளியே போகச் சொல்லும்வரை அவளுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.